உழைத்துத் தேய்ந்தவர் வீடு திரும்பும்போது

அளவு மீறிய உழைப்பால் நேரும் சாவுக்கு ஜப்பானிய மொழியில் தனியாக ஒரு சொல் உண்டு: கரோஷி. 1969-இல் ஜப்பானில் ஒரு பெரிய நாளிதழின் அனுப்புகைப் பிரிவில் வேலை பார்த்த 29 வயது இளைஞர் பக்கவாதத்தால் இறந்தார். மணமானவர். இந்தச் சாவையே முதல் கரோஷி என்று மருத்துவ வரலாறு குறிக்கிறது. அப்போது அதற்கு அந்தப் பெயர் இல்லை. 1970-களின் பிற்பகுதியில் தெட்சுனோஜோ உவெஹாதா என்ற மருத்துவர் இத்தகைய சாவுகளை ஆராய்ந்து எழுதிய பிறகே சொல் வழக்குக்கு வந்தது. 1988-இல் வழக்கறிஞர்கள் சேர்ந்து ஒரு தொலைபேசி உதவி எண்ணைத் தொடங்கினார்கள். கணவரைப் பறிகொடுத்த மனைவியர் பலர் அதில் அழைத்தார்கள். 2014-இல் கரோஷியைத் தடுப்பதற்கென்றே ஜப்பானிய நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது.

இறப்புக்கு வேலைதான் காரணமா என்று முடிவு செய்ய அந்நாட்டு அதிகாரிகள் ஓர் எல்லைக்கோடு வைத்திருக்கிறார்கள். நோய் தாக்குவதற்கு முந்தைய மாதத்தில் 100 மணி நேரம் ஓவர்டைம், அல்லது இரண்டு முதல் ஆறு மாதங்களுக்கு மாதம் சராசரியாக 80 மணி நேரத்துக்கு மேல் ஓவர்டைம் என்பது அந்தக் கோடு. வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்தால், மாதம் 80 மணி நேரம் என்பது அன்றாட வேலை முடிந்த பிறகு நாள்தோறும் இன்னும் நான்கு மணி நேரம். தூங்கவும் உண்ணவும் போய்வரவும் ஆகும் நேரத்தைக் கழித்தால், பிள்ளையோடு பேச அந்த நாளில் எதுவும் மிஞ்சாது.

இது ஜப்பானோடு நிற்கும் சிக்கல் அல்ல. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் ஒரு கணக்கை வெளியிட்டன. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் வேலை செய்பவரோடு ஒப்பிட்டால், 55 மணி நேரமும் அதற்கு மேலும் வேலை செய்பவருக்குப் பக்கவாத வாய்ப்பு சுமார் 35 விழுக்காடும், இதயத் தமனி நோயால் இறக்கும் வாய்ப்பு சுமார் 17 விழுக்காடும் கூடுதல். நீண்ட வேலை நேரத்தால் 2016-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சுமார் 7,45,000 பேர் இறந்திருப்பார்கள் என்பது அந்தக் கணக்கின் மதிப்பீடு.

ஆனாலும் அப்படி உழைத்தவர்களில் பெரும்பாலோர் இறந்துபோவதில்லை. முப்பது நாற்பது ஆண்டு கழித்து, ஓய்வு பெற்றோ நோய்வாய்ப்பட்டோ மனம் மாறியோ, ஒரு நாள் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். இறந்தவர்களைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு இவர்களைப் பற்றி எழுதப்படவில்லை. வேலை ஒரே நாளில் நின்றுவிடும். மனிதர் ஒரே நாளில் திரும்பிவிடுவதில்லை. உடல் ஒரு வேகத்திலும் மனம் வேறொரு வேகத்திலும் வந்து சேர்கின்றன. எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் குடும்பத்துக்குள் அவருக்கு இடம் கிடைக்கிறது.

உடலில் தொடங்கலாம். நெருக்கடி என்று மூளை உணர்ந்ததும் சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் விழித்துக்கொள்கின்றன. முதலில் அட்ரீனலின் பாய்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது. சற்று நேரத்தில் கார்ட்டிசால் பெருகி, கல்லீரலில் இருந்து சர்க்கரையை இரத்தத்துக்குள் இறக்குகிறது. செரிமானம் போன்ற வேலைகளை உடல் தள்ளிப்போடுகிறது. புலியிடமிருந்து தப்பி ஓடுபவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஓட்டம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், உடலும் பழைய நிலைக்கு வந்துவிடும். அலுவலக நெருக்கடி அப்படி முடிவதில்லை. மாதக் கடைசி போனால் காலாண்டு முடிவு, அது போனால் ஆண்டுக் கணக்கு. உடலுக்குப் புலிக்கும் மேலாளருக்கும் வேறுபாடு தெரியாது.

இந்தத் தீராத நெருக்கடியின் விளைவுக்கு அமெரிக்க நரம்பியல் அறிஞர் புரூஸ் மெக்யூவன் 1993-இல் எலியட் ஸ்டெல்லரோடு சேர்ந்து ஒரு பெயர் கொடுத்தார்: அலோஸ்டேடிக் சுமை. உடல் தன்னைச் சமநிலையில் வைத்துக்கொள்ளச் செலவிடும் முயற்சியே நாளடைவில் உடலைத் தேய்க்கிறது என்பது இதன் பொருள். காலம் முழுதும் உயர்ந்தே இருக்கும் இரத்த அழுத்தம் தமனிச் சுவரைக் கடினமாக்குகிறது. கார்ட்டிசால் இடைவிடாமல் சுரப்பதால் இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது, இன்சுலினின் ஆற்றல் மங்குகிறது, தூக்கம் துண்டுபடுகிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் நெருக்கடி இன்னும் பெரிதாகத் தெரியும். இப்படி ஒன்று மற்றொன்றை வளர்க்கும் சுழல் இது.

காலையில் கண்விழித்த முதல் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் பெரும்பாலோருக்குக் கார்ட்டிசால் சட்டென்று உயரும். நாளைத் தொடங்க உடல் தரும் உந்துதல் அது. வேலைக்குப் போகிறவர்களின் உமிழ்நீரைச் சோதித்தபோது, இந்த உயர்வு வேலை நாள்களில் மிகுந்தும் விடுமுறை நாள்களில் குறைந்தும் இருப்பது தெரிந்தது. படுக்கையை விட்டு எழுவதற்கு முன்பே உடல் அலுவலகத்துக்குக் கிளம்பிவிடுகிறது.

ஆகவே வேலை நின்ற மறுநாளே உடல் ஓய்ந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. நெதர்லாந்து உளவியலாளர் ஆட் விங்கர்ஹூட்ஸ், வேலை நாளெல்லாம் நலமாக இருந்துவிட்டு வார இறுதியிலும் விடுமுறையின் முதல் நாள்களிலும் தலைவலி, சளி, களைப்பு என்று படுத்துவிடுகிறவர்களை ஆராய்ந்தார். நூற்றுக்கு மூன்று பேர் அளவில் இந்தச் சிக்கல் தங்களுக்கு உண்டு என்று கூறினார்கள். பொறுப்புணர்ச்சி மிகுந்தவர்களும், வேலையை மனத்திலிருந்து இறக்கிவைக்கத் தெரியாதவர்களும் அவர்களில் அதிகம். நீண்ட விடுமுறை எடுத்த ஊழியர்களைப் பின்தொடர்ந்த மற்றொரு டச்சு ஆய்வில், நலவுணர்வு எட்டாம் நாள் வாக்கில்தான் உச்சத்தைத் தொட்டது; வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே அது பழைய அளவுக்கு இறங்கிவிட்டது. ஆண்டு முழுதும் உழைத்துவிட்டு ஒரு வாரம் மலைப்பக்கம் போய்வந்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு இந்த ஆய்வு இடம் கொடுக்கவில்லை.

உடலைவிட மனம் பிடிவாதமானது. 1920-களில் பெர்லினில் உளவியல் படித்துக்கொண்டிருந்த ப்ளூமா ஸைகார்னிக், உணவகப் பணியாளர்கள் பணம் வாங்காத மேசைகளின் கணக்கை நினைவில் வைத்திருந்து, பணம் வாங்கியதும் மறந்துவிடுவதைத் தன் ஆசிரியர் குர்ட் லெவின் கவனித்ததிலிருந்து தன் ஆய்வைத் தொடங்கியதாகச் சொல்வார்கள். முடிக்காத வேலை முடித்த வேலையைவிட நினைவில் நிற்கும் என்று ஸைகார்னிக் 1927-இல் எழுதினார். பிற்கால ஆய்வுகள் எல்லாம் இதை அப்படியே உறுதிப்படுத்தவில்லை. ஆனால் முடியாத வேலை மற்ற நினைவுகளுக்கு நடுவே வந்து வந்து குறுக்கிடும் என்பதில் ஐயமில்லை. அமெரிக்காவில் 2018-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில் 57 இளைஞர்கள் தூங்கப்போகும் முன் ஐந்து நிமிடம் எழுதினார்கள். ஒரு பாதியினர் முடித்த வேலைகளையும், மறுபாதியினர் இனிச் செய்யவேண்டிய வேலைகளையும் எழுதினார்கள். செய்யவேண்டியதை எழுதியவர்கள் சுமார் ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கிவிட்டார்கள். தாளில் இறங்கிய வேலையை மனம் காவல் காக்க வேண்டியதில்லை போலும்.

ஜெர்மன் உளவியலாளர் சபீனே சொன்னென்டாக் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்துவரும் பொருள் இதுதான். வேலையிடத்தை விட்டு உடல் நீங்குவது வேறு, வேலையை விட்டு மனம் நீங்குவது வேறு என்று அவர் பிரித்துக் காட்டினார். மாலையில் மனத்தளவில் வேலையிலிருந்து விலகியவர்கள் அன்றிரவு களைப்புக் குறைந்து, மறுநாள் காலையில் தெளிவாக இருக்கிறார்கள். இதில் ஒரு கொடுமையும் உண்டு: எவருக்கு வேலைப்பளு மிகுதியோ, எவருக்கு இந்த விலகல் மிகவும் தேவையோ, அவருக்கே அது கைகூடுவதில்லை.

அதிலும் ஒரு வகையினருக்கு இது மேலும் கடினம். அமெரிக்கச் சமயப் போதகரும் உளவியல் ஆசிரியருமான வேய்ன் ஓட்ஸ், குடிப்பழக்கத்துக்கு அடிமையானவரைக் குறிக்கும் சொல்லை ஒட்டி, வேலைக்கு அடிமையானவருக்கு ‘வொர்க்கஹாலிக்’ என்று பெயரிட்டார். 1971-இல் வெளிவந்த அவருடைய நூல் தன்னையே நோயாளியாக வைத்து எழுதப்பட்டது. அவருடைய ஐந்து வயது மகன், அப்பாவைப் பார்த்துப் பேச அலுவலகத்தில் நேரம் குறித்துத் தரவேண்டும் என்று கேட்டதுதான் அவர் கண்ணைத் திறந்தது. அதன் பின் வந்த ஆய்வாளர்கள் ஒரு முக்கியமான வேறுபாட்டை வரைந்தார்கள். வேலை பிடித்திருப்பதால் நெடுநேரம் உழைப்பவரும், செய்யாமல் இருந்தால் குற்றவுணர்ச்சி வாட்டுவதால் உழைப்பவரும் ஒன்றல்லர். இருவரும் ஒரே நேரம் விளக்கை அணைத்துவிட்டு வரலாம். முன்னவர் வீட்டில் சிரிக்கிறார், பின்னவருக்கு விடுமுறைகூடத் தண்டனையாக இருக்கிறது. ஓய்வு பெறும் நாளில் முன்னவர் ஒரு வேலையை இழக்கிறார். பின்னவர் தம் மதிப்பை அளந்துகொண்டிருந்த ஒரே அளவுகோலை இழக்கிறார்.

இனி வீடு. இந்தப் பகுதியை ஜப்பானைப் போலத் துல்லியமாகக் காட்டும் நாடு வேறில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த வளர்ச்சிக் காலத்தில் அங்கே நிறுவனத்துக்கும் ஆண் ஊழியருக்கும் இடையே எழுதப்படாத ஓர் உடன்படிக்கை இருந்தது. வாழ்நாள் முழுதும் வேலை உறுதி. அதற்கு விலையாக வாழ்நாள் முழுவதையும் நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டும். வேறு ஊருக்கு மாற்றினால் பிள்ளைகளின் பள்ளிக்காகக் குடும்பத்தை விட்டுவிட்டுத் தனியாகப் போய்த் தங்கும் வழக்கத்துக்கு ‘தன்ஷின் ஃபுனின்’ என்று பெயரே உண்டு. பிள்ளைகளின் படிப்பு, மாமனார் மாமியார் பராமரிப்பு, அக்கம்பக்கத்து உறவு எல்லாம் மனைவியின் கையில். சம்பளமும் பல வீடுகளில் மனைவியிடமே போய்ச் சேரும். மாதாமாதம் கணவருக்குக் கைச்செலவுக்குப் பணம் எண்ணிக் கொடுப்பவர் அவரே.

அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் அறுபது வயதில் ஒருவர் முழு நேரமாகத் திரும்புகிறார். அவருக்கு அங்கே செய்ய எதுவும் இல்லை, பேசத் தெரிந்தவர் யாரும் இல்லை. மனைவி எங்கே கிளம்பினாலும் கூடவே கிளம்புகிறார். இவர்களை ‘நனைந்த உதிரிலை’ என்று ஜப்பானியர் சொல்வதுண்டு. ஈரமாக விழுந்த இலை துடைப்பத்தால் பெருக்கினாலும் தரையை விட்டு வராது. நாற்பது ஆண்டு உழைத்தவரைப் பற்றி இப்படிச் சொல்வது காதில் விழவே வலிக்கிறது. ஆனால் சொன்னவர்களின் களைப்பும் உண்மையானது. கணவர் ஓய்வு பெற்று வந்ததும் மனைவியருக்கு இரத்த அழுத்தம், வயிற்றுப்புண், தூக்கமின்மை, மனச்சோர்வு வருவதைக் கண்ட மருத்துவர் நோபுவோ குரோகவா 1991-இல் அதை ஒரு நோய்க்குறித் தொகுதியாகவே விவரித்தார். 2017-இல் இத்தாலியப் பொருளியலாளர்கள் இருவர் ஜப்பானியத் தரவுகளை ஆராய்ந்து, கணவரின் ஓய்வு மனைவியின் மனநலத்தைப் பாதிப்பது வெறும் பேச்சு அல்ல என்று காட்டினார்கள். 2007-இல் போருக்குப் பிந்தைய பெருந்தலைமுறையின் முதல் அணி அறுபதை எட்டியது. அதே ஆண்டு ஏப்ரலில், மணவிலக்குப் பெறும் மனைவி கணவரின் ஓய்வூதியத்தில் பாதிவரை கோரலாம் என்ற சட்டமும் நடைமுறைக்கு வந்தது.

அன்பில்லாததால் இது நேர்கிறது என்று கருதுவது தவறு. ஒரு குடும்பம் ஆயிரக்கணக்கான சிறு பழக்கங்களால் ஓடுகிறது: யார் எப்போது எழுவது, எந்த நாற்காலி யாருடையது, எதை யாரிடம் முதலில் சொல்வது. ஒருவர் நெடுங்காலம் இல்லாதபோது மற்றவர்கள் அவர் இல்லாமல் நடக்கும்படியே இவற்றை அமைத்துக்கொள்கிறார்கள்; வாழ வேறு வழியில்லை. திரும்பி வருபவர் தாம் விட்டுப்போன இடம் அப்படியே இருக்கும் என்று தேடுகிறார். அந்த இடம் எப்போதோ மூடிப்போயிற்று. இங்கே பலர் செய்யும் பிழை, அலுவலகத்தில் பழகிய அதிகாரத்தோடு வீட்டைத் திருத்த முனைவது. சமையலறை அடுக்கை மாற்றுவதும் செலவுக் கணக்குக் கேட்பதும் உதவி என்று அவருக்குத் தோன்றும். வீட்டாருக்கு அது தங்கள் இத்தனை ஆண்டு உழைப்பின் மேல் சொல்லப்படும் குறையாகவே படும்.

புது இடம் எப்படிக் கிடைக்கிறது என்பதற்கு அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மனின் ஆய்வு ஒரு வழி காட்டுகிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு குடியிருப்பையே ஆய்வகமாக்கி, புதுமணத் தம்பதியர் இயல்பாகப் பேசிக்கொள்வதை அவர் பதிவு செய்தார். “ஜன்னல்ல பாரு, என்ன பறவை அது” என்பது போன்ற சிறு அழைப்புகளே அவர் கணக்கெடுத்தவை. மற்றவர் திரும்பிப் பார்க்கிறாரா, காதில் வாங்காமல் இருக்கிறாரா? ஆறு ஆண்டுகள் கழித்தும் சேர்ந்து வாழ்ந்தவர்கள் அந்த அழைப்புகளில் 86 விழுக்காட்டுக்குச் செவி கொடுத்திருந்தார்கள். பிரிந்துபோனவர்கள் 33 விழுக்காட்டுக்கு. பெரிய பரிசோ வெளிநாட்டுப் பயணமோ இந்தக் கணக்கில் இல்லை. வேலையில் மூழ்கியவர் இழந்தது இந்தச் சிறு அழைப்புகளைத்தான். அவற்றை மொத்தமாக ஒரே நாளில் திருப்பிக் கொடுக்க முடியாது, ஒவ்வொன்றாகத்தான் முடியும்.

அந்தச் சிறு செயல்கள் உடலுக்குள்ளும் போய்ச் சேர்கின்றன. ஜேம்ஸ் கோன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2006-இல் வெளியிட்ட சோதனையில் மணமான 16 பெண்கள் எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுத்திருந்தார்கள். கணுக்காலில் சிறு மின்னதிர்ச்சி வரக்கூடும் என்று அவ்வப்போது எச்சரிக்கை வரும். தனியாக இருந்தபோது மூளையின் அச்சப் பகுதிகள் மிகுதியாக வேலை செய்தன. முன்பின் தெரியாத ஒருவர் கையைப் பற்றியபோது சற்றுக் குறைந்தது. கணவர் கையைப் பற்றியபோது மிகவும் குறைந்தது. மணவாழ்க்கை நன்றாக இருந்தவர்களுக்கு இன்னும் குறைந்தது. நெருங்கிய உறவின் துணை இருக்கும்போது, ஆபத்தைத் தனியாகச் சுமக்கவேண்டிய கட்டாயம் மூளைக்கு இல்லை. வெறும் விடுமுறை தராத அமைதியைக் கணவரோ மனைவியோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பது தருவது இதனால்தான்.

இதன் நீண்டகால விளைவை ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று காட்டுகிறது. 1938-இல் 268 கல்லூரி மாணவர்களைக் கொண்டு தொடங்கிய அந்த ஆய்வு, பின்னர் பாஸ்டனின் ஏழைப் பகுதிகளில் வளர்ந்த 456 இளைஞர்களையும் சேர்த்துக்கொண்டு, அவர்களின் வாழ்நாள் முழுதும் தொடர்ந்தது. ஐம்பது வயதில் உறவுகளில் நிறைவோடு இருந்தவர்களே எண்பது வயதில் மிக நலமாக இருந்தார்கள். ஐம்பது வயதின் கொலஸ்டிரால் அளவுகூட இதை அவ்வளவு நன்றாக முன்னறிவிக்கவில்லை. தொடக்கத்தில் எல்லோரும் ஆண்கள் என்பதும், நலமாக இருப்பவருக்கு நல்ல உறவு அமைவதும் எளிது என்பதும் இந்த ஆய்வின் வரம்புகள். ஆயினும் 148 ஆய்வுகளையும் மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் தரவுகளையும் தொகுத்து 2010-இல் வந்த கணக்கும் இதே திசையையே காட்டியது: உறவுப் பிணைப்பு வலுவாக உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு கூடுதல்.

காலம் தாழ்த்தி வந்தவருக்கும் வயது ஓர் உதவி செய்கிறது. எஞ்சிய காலம் குறுகியது என்று உணர்ந்ததும் மனிதர் புது அறிமுகங்களையும் சாதனைகளையும் விட்டுவிட்டு, நெருங்கியவர்களிடம் கவனத்தைத் திருப்புகிறார் என்று ஸ்டான்ஃபோர்டு உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் கண்டறிந்தார். கொடிய நோய் வந்த இளைஞரிடமும் இதே மாற்றம் தெரிந்தது. அப்படியானால் இதற்குக் காரணம் நரையும் திரையும் அல்ல. காலத்தைப் பற்றிய உணர்வுதான்.

வெளியே வேலை ஓய்ந்தபின் உள்ளே எழும் கலக்கத்துக்கும் பொருந்தக்கூடிய இரண்டு சிகிச்சைகளை ஜப்பான் தன் மண்ணிலேயே உருவாக்கியிருக்கிறது. இளமையில் தாமே பதற்றத்தால் துன்புற்ற மனநல மருத்துவர் ஷோமா மொரிதா 1919-இல் வகுத்த முறை முதலாவது. நோயாளி முதலில் சுமார் ஒரு வாரம் படுக்கையிலேயே கிடக்க வேண்டும். பேச்சு, புத்தகம், பொழுதுபோக்கு எதுவும் கிடையாது. கவலைகள் வந்தால் வரட்டும் என்று விட்டுவிட வேண்டும். சில நாளில் சலிப்புத் தோன்றி, எழுந்து ஏதேனும் செய்யவேண்டும் என்ற ஆசை தானாகவே பிறக்கும். அதன் பிறகு தோட்டத்தில் இலை பொறுக்குவது போன்ற இலேசான வேலை, அதற்குப் பின் கடினமான வேலை, கடைசியில் வீடு. கலக்கத்தை ஒழித்துவிட்டுத்தான் வாழத் தொடங்கவேண்டும் என்பதில்லை. அதை உள்ளபடி இருக்கவிட்டு, கையில் உள்ளதைச் செய்யலாம் என்பது மொரிதாவின் பாடம். கலக்கத்தால் துன்புறுபவருக்கு அளவான, கண்ணுக்கு முன் முடிந்துபோகும் வேலையையே அவர் மருந்தாகக் கொடுத்தார்.

இரண்டாவது முறையான ‘நைகான்’ குடும்பத்தையே நேரடியாகத் தொடுகிறது. இதை உருவாக்கிய இஷின் யோஷிமோதோ தொழிலதிபராக இருந்தவர். தொழிலை விட்டு விலகி, 1953-இல் நாரா மாநிலத்தில் பயிற்சி இல்லம் ஒன்றைத் தொடங்கினார். பயிற்சிக்கு வருபவர் ஒரு வாரம், விடியற்காலையிலிருந்து இரவுவரை, அறையின் மூலையில் ஒரு மடிப்புத் திரைக்குப் பின்னால் அமர்ந்திருக்கிறார். அம்மாவிலிருந்து தொடங்கி அப்பா, மனைவி, பிள்ளைகள் என்று ஒவ்வொருவரையும் எடுத்துக்கொண்டு, வாழ்க்கையைச் சில ஆண்டுகளாகப் பிரித்து, மூன்று கேள்விகளுக்கு விடை தேடுகிறார். அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது என்ன? அவருக்கு நான் கொடுத்தது என்ன? அவருக்கு என்னால் நேர்ந்த தொல்லை என்ன? அவரால் எனக்கு நேர்ந்த தொல்லை என்ன என்ற நான்காவது கேள்வி வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது. அதை யாரும் சொல்லித்தராமலே மனம் கேட்டுக்கொண்டிருக்கும். மூன்றாவது கேள்விக்கே மிகுந்த நேரம். ஓரிரு மணிக்கு ஒருமுறை வழிகாட்டி வந்து, தலைவணங்கி, கண்டதைக் கேட்டுக்கொண்டு போகிறார். தீர்ப்பு எதுவும் சொல்வதில்லை.

“அம்மா அன்பாக இருந்தார்” போன்ற விடையை இங்கே ஏற்பதில்லை. எந்த ஆண்டு, எந்தப் பள்ளிக்கூடம், மதிய உணவுப் பெட்டியில் என்ன வைத்துக் கட்டிக் கொடுத்தார் என்று நினைவுகூர வேண்டும். ஒரு வாரம் முடிந்து வீடு திரும்பியவர், அதே மூன்று கேள்விகளை நாள்தோறும் சிறிது நேரம், அன்றைய ஒரு நாளைப் பற்றி மட்டும் கேட்டுப் பார்க்கிறார்: காலையில் தேநீர் போட்டுக் கொடுத்தது யார், பதிலுக்குத் தாம் செய்தது என்ன, யாரைக் காக்க வைத்தோம் என்று.